இன்டர்செப்டருக்குப் பின்பக்க ஷாக் வாங்கப் போகிறீர்களா? முதலில் எடை மெஷினில் ஏறுங்கள்

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் நின்றால் பேச்சு எப்படியும் பின்பக்க ஷாக்குக்கு, அதாவது குழி மேட்டு அடியைத் தாங்கும் ஷாக் அப்சார்பருக்கு, வந்துவிடும். ஒருவர் ஓலின்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை என்பார், இன்னொருவர் அந்தக் காசுக்குப் பழைய புல்லட்டே வாங்கலாமே என்பார், மூன்றாமவர் தன் வண்டியில் மாட்டியிருக்கும் தங்க நிற டப்பாவைத் தடவிக்கொண்டே “பஞ்சு மாதிரி போகுது மச்சான்” என்பார். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நீ எத்தனை கிலோ, பின்னால் உட்காருகிறவர் எத்தனை கிலோ, பையில் எவ்வளவு? ஷாக் வாங்குவதில் பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் பிராண்ட், பட்ஜெட், நிறம் எல்லாம்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் சொல்வதெல்லாம் இந்த எடைக்குத்தான் பொருந்தும். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு நான் 90 கிலோ. பெரும்பாலும் பின்னால் மனைவி, அவர் 58. இரண்டு பக்கமும் பை, சேர்த்து 20 கிலோவை ஒட்டி இருக்கும். சென்னையிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையில் பாதி நாள், அப்புறம் ஏதாவது ஒரு மலை. ரேஸ் டிராக் பக்கம் போகிற ஆள் நான் இல்லை. நகரத்துக்குள் தனியாக ஆபீஸ் மட்டும் போகிறவர் நீங்கள் என்றால் இந்தச் செலவே உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கம்பெனி கொடுக்கும் ஷாக்கைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 2018 நவம்பரில் இந்த வண்டி இங்கே விற்பனைக்கு வந்தபோதே பின்சக்கரத்தின் மேல்-கீழ் அசைவு 88 மில்லிமீட்டர்தான், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 110. பின்னால் கேப்ரியல் கம்பெனியின் இரண்டு ஷாக், பக்கத்தில் வாயு டப்பா வைத்தவை, ஸ்பிரிங்கை இறுக்க ஐந்து படி. டேம்பிங்கை, அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் அடக்குவதை, மாற்ற எந்தத் திருகும் கிடையாது. இந்த 88 மில்லிமீட்டருக்குள்தான் 55 கிலோ கல்லூரிப் பையனும் ஓட்ட வேண்டும், மூட்டை முடிச்சோடு போகும் கணவன் மனைவியும் ஓட்ட வேண்டும். அசைவு குறைவாக இருந்தால் அடியில் இடிக்காமல் இருக்க ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தாக வேண்டும். எல்லா எடைக்கும் ஒரே ஸ்பிரிங் என்றால் அது யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. இதே 650 இன்ஜினை வைத்துப் பின்னால் வந்த சூப்பர் மீட்டியாரில் பின்பக்க அசைவு 101 மில்லிமீட்டர், பேர் 650-இல் 115. அதற்காக அந்த ஷாக்கைக் கழற்றி இதில் மாட்டலாமா என்று கேட்காதீர்கள். நீளம் மாறினால் வண்டியின் நிற்கிற கோணமே மாறும், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

சரி, அளப்பது எப்படி? ஒரு டேப், ஒரு நண்பர், கொஞ்சம் பொறுமை போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு டேப் ஒட்டி, அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்திப் பிடித்து அதே தூரத்தை அளக்க வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அது வண்டியின் சொந்த எடைக்கான இறக்கம். மூன்றாவதாக, பூட்ஸ் ஜாக்கெட்டோடு நீங்கள் ஏறி, ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, ஒருவர் வண்டியைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இது எவ்வளவு குறைந்ததோ அதைத்தான் சேக் என்பார்கள். மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி. இந்த வண்டிக்கு 22-இலிருந்து 29 மில்லிமீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னும் வண்டியை லேசாக அமுக்கி விடுங்கள், சீல் உராய்வில் ஷாக் பாதியில் நின்றுகொண்டு பொய் கணக்குக் காட்டும்.

என் வண்டியில் தனியாக உட்கார்ந்தால் 20 மில்லிமீட்டர்தான் இறங்கியது, கொஞ்சம் உயரம். மனைவியும் பைகளும் சேர்ந்ததும் 35-ஐத் தாண்டிவிட்டது. 88-இல் 35 போய்விட்டால் குழிக்கு மிச்சம் இருப்பது 53. வேகத்தடை ஒன்று இருட்டில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் இடுப்பில் வாங்குவது இதனால்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு, இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது. இந்த வண்டியில் ஷாக்குகள் சக்கர அச்சுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. அதனால் ஷாக் அசைவதும் சக்கரம் அசைவதும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு ஸ்பிரிங்கின் வலுவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் ஜோடி 40. 60 கிலோ ஆள் பின்னால் ஏறினால் அதில் 50 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழும் என்று வையுங்கள், அது 490 நியூட்டன், அதாவது இன்னும் 12 மில்லிமீட்டர் இறக்கம். பின்னால் அச்சையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ரேக்கில் பெட்டி வைத்தால் இன்னும் மோசம்: பெட்டியின் எடையைவிட அதிகமாகப் பின்சக்கரத்தில் ஏறும், முன்சக்கரம் அதே கணக்கில் லேசாகும்.

இந்த 12 மில்லிமீட்டரை மீட்க ப்ரீலோடைக் கூட்டுகிறோம், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கிறோம். ப்ரீலோட் என்பது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவது என்று மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். கிடையாது. ஸ்பிரிங்கின் வலு அதேதான், வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் மாறும். இதனால் ஒரு வினோதம் உண்டு: நீங்கள் ஏறி உட்கார்ந்தால் சேக் சரியாக வருகிறது, ஆனால் நீங்கள் இல்லாமல் வண்டி தன் எடையில் கொஞ்சம்கூட இறங்கவே இல்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மிருது என்று அர்த்தம், மிருதுவான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கித்தான் அந்த உயரத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆள் ஏறியதும் சரி, வண்டி தனியாகவே நிறைய இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் அதிகக் கெட்டி. கேட்கும்போது தலைகீழாகத் தெரியும், டேப்பை எடுத்து அளந்து பார்த்தால் புரியும்.

இனி கடை. ஸ்வீடனின் ஓலின்ஸை விட்டுப் பேச முடியாது. 1976-இல் கென்ட் ஓலின் தொடங்கியது, நடுவில் யமஹா கையில் இருந்தது, 2025 தொடக்கத்தில் பிரெம்போ வாங்கிவிட்டது. மஞ்சள் ஸ்பிரிங்கைப் பார்த்ததுமே பார்க்கிங்கில் பத்துப் பேர் குனிந்து பார்ப்பார்கள். வேலைப்பாடு அருமை, உதிரி பாகம் கிடைக்கும், பிரித்து சர்வீஸ் செய்து ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். நண்பரின் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் அது வேலை செய்கிற நுணுக்கம் வேறு ரகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் விலை நான் வாங்கியதைப் போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தை நான் உணர்ந்தது தனியாக, கொஞ்சம் வேகமாக ஓட்டும்போது. ஜோடியாக 80-90-இல் போகும்போது ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்பதே முக்கால்வாசி விஷயம்.

இங்கிலாந்தின் ஹேகன் எனக்குப் பிடித்த கம்பெனி, வாங்கவில்லை என்றாலும். டிராக் ரேஸ் ஓட்டிய ஆல்ஃப் ஹேகன் தொடங்கியது. ஆர்டர் கொடுக்கும்போதே உங்கள் எடை, பின்னால் ஆள் வருவாரா, சாமான் உண்டா என்று கேட்டு அதற்கேற்ற ஸ்பிரிங் போட்டு அனுப்புவார்கள். இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்கிறேன். பார்க்க எளிமையாக இருக்கும், டப்பா கிப்பா இல்லாத மாடல்களும் உண்டு. இங்கே வரவழைக்கும் செலவும் சுங்க வரியும் சேர்ந்ததும் கை பின்வாங்கிவிட்டது. அதே நாட்டு கே-டெக் இந்த 650-க்கென்றே ஷாக் செய்கிறது. அது வளைவில் படுத்து ஓட்டுகிறவர்கள் பக்கம் சாய்ந்த சாமான் என்பது என் அபிப்பிராயம்.

மிஞ்சியது தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ். இந்தியாவில் எளிதாகக் கிடைக்கிறது, நம் பட்ஜெட்டுக்குள் பல படிகளில் இருக்கிறது. அதன் மாடல் பெயர் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நடுவில் வரும் மூன்று இலக்க எண் மில்லிமீட்டரில் நீளம். அதை ஒட்டி வரும் ஆங்கில எழுத்துகள்தான் முக்கியம்: டி இருந்தால் மரை வைத்த ப்ரீலோட் வளையம், ஆர் இருந்தால் ரீபவுண்ட் திருகு (அமுங்கிய ஷாக் எழும் வேகத்துக்கு), சி இருந்தால் கம்ப்ரஷன் திருகு (அமுங்கும் வேகத்துக்கு), எல் இருந்தால் நீளத்தையே கொஞ்சம் மாற்றலாம். ஓலின்ஸ் பெயர்களிலும் ஆர், சி, எல் இதே பொருளில் வரும். விளம்பரப் படத்தைப் பார்க்காமல் இந்த எழுத்துகளைப் படித்தாலே எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

டூரிங்குக்கு எனக்கு வேண்டியது டி-யும் ஆர்-ரும். சி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தூக்கம் கெடாது. எல் எனக்கு வேண்டவே வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கினால் ஸ்டியரிங் துடிப்பாகும், உண்மைதான். கூடவே சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டில் போட்டாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது. நடுவழியில் பஞ்சர் ஆகும்போது அந்த அருமை தெரியும். கம்பெனி நீளத்தையே வாங்குங்கள்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக்கின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த டப்பாவுக்குள் நைட்ரஜன் ஒரு பக்கம், ஆயில் ஒரு பக்கம், நடுவில் மிதக்கும் பிஸ்டன். வாயு ஆயிலோடு கலக்காமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. கலந்தால் கரடுமுரடான பாதையில் நெடுநேரம் அடி வாங்கும்போது ஆயில் நுரைத்து டேம்பிங் தொய்ந்துவிடும், வண்டி மிதக்க ஆரம்பிக்கும். லடாக், ஸ்பிட்டி என்று நாள் முழுக்க மண் பாதையில் போகிறவர்களுக்கு இது நிச்சயம் தேவை. நம் ஊர் தார் ரோட்டுக்கு டப்பா இல்லாத நல்ல ஷாக்கே தாராளம். ஆனால் மார்க்கெட்டில் மலிவாக விற்கும் சில ஷாக்குகளில் டப்பா வெறும் அலங்காரம், உள்ளே வழியே இருக்காது. பிரித்து சர்வீஸ் செய்ய முடியுமா, சீல் கிட் தனியாகக் கிடைக்குமா, நைட்ரஜன் அடிக்க வால்வு எங்கே என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் பதில் கிடைத்துவிட்டது.

நான் வாங்கியது ஒய்எஸ்எஸ்ஸில் டப்பா வைத்த, மரை வளையமும் ரீபவுண்டும் உள்ள ஜோடி. டப்பா தேவைக்காக வாங்கவில்லை, ஸ்பிட்டி ஆசை ஒன்று மனதில் கிடக்கிறது, அவ்வளவுதான். விசாரித்த முதல் கடையில் “எல்லா எடைக்கும் ஒரே ஸ்பிரிங்தான் சார், வளையத்தைத் திருகிக்கோங்க” என்று சொன்னார்கள். அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். அடுத்த கடையில் இருந்தவர் எடையை எழுதிக்கொண்டு, ஒரு படி கெட்டியான ஸ்பிரிங் போட்டு வரவழைத்துத் தந்தார். சில வாரம் ஆனது, ஆகட்டும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் சக்கரத்தோடு கீழே வந்துவிடும். போல்ட்டை மாட்டும் முன் ஷாக்கின் முனையில் போல்ட் நுழையும் புஷ்ஷின் துளை அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பிறகு டக் டக் என்று சத்தம் வந்து மண்டையைக் குடையும். அளவு வித்தியாசம் என்றால் சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடினால் புஷ்ஷோ வாஷரோ கிடைத்துவிடும். டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அப்புறம் மிக முக்கியம், பக்கப் பை மாட்டும் கம்பி. டப்பா அதில் உரசுகிறதா என்று வண்டி நிற்கும்போது பார்த்தால் போதாது, ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு டப்பாவை முன்பக்கம் பார்த்த மாதிரி திருப்பி மாட்டியதும்தான் இடைவெளி கிடைத்தது. செயின் கவர் பக்கமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ரோட்டில் எப்படி? ஜி.எஸ்.டி. ரோட்டு மேம்பாலங்களின் இணைப்புகளில் முன்பு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விழுந்த அடி இப்போது மழுங்கிய தட்டாகத்தான் வருகிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஈ.சி.ஆரில் அலை அலையாக இருக்கும் தார் மேல் 90-இல் போகும்போது பின்பக்கம் ஒரு தரம் எழுந்து ஒரு தரம் அமர்ந்து அமைதியாகிவிடுகிறது, இரண்டாவது மூன்றாவது துள்ளல் இல்லை. மனைவியின் தீர்ப்பு என்னுடையதைவிட நம்பகமானது, ஏனென்றால் அவர் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார், கையில் பிடிக்க ஹேண்டில்பாரும் கிடையாது. விழுப்புரம் தாண்டியும் நிறுத்தச் சொல்லவில்லை. முன்பெல்லாம் மேல்மருவத்தூரிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

உண்மையான வித்தியாசம் கொல்லிமலையில். எழுபது கொண்டை ஊசி வளைவு, இரண்டு பேர், பைகள். பின்பக்கம் அமுங்கிக் கிடந்தபோது முன்சக்கரம் லேசாகி, ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும், சென்டர் ஸ்டாண்ட் தரையில் கீறும் சத்தம் வேறு. இப்போது பாரத்தோடும் சேக்கை 28-இல் வைத்திருக்கிறேன். திருப்பினால் திரும்புகிறது, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது, ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ மலையில் பெரிய நிம்மதி. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது வளைவிலும் இதே கதை.

ரீபவுண்ட் வைப்பதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். திருகை முழுக்க மூடி, அங்கிருந்து வெளியே எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. சீட்டை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். எழுந்து மறுபடி துள்ளினால் போதவில்லை, சோம்பேறித்தனமாக எழுந்தால் அதிகம். நிறைய பேர் அதிகமாகத்தான் வைக்கிறார்கள், தெருவில் அமுக்கிப் பார்க்கும்போது அது ‘பிரீமியமாக’ இருக்கிறது. வரிசையாக மேடு வரும் ரோட்டில் ஒரு அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்து, ஷாக் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் அசைய இடமில்லாமல் கல்லாகிவிடும். ஷாக் கெட்டி என்று புகார் சொல்கிறவர்களில் சிலருக்கு இரண்டு கிளிக் திறந்துவிட்டாலே போதும். தெரிந்த ஒரு மோசமான கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

குறை சொல்ல வேண்டுமென்றால் மரை வளையம். எந்த பிராண்ட் ஆனாலும் தனியாகப் போவதிலிருந்து ஜோடியாகப் போவதற்கு மாற ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குந்தியாக வேண்டும், மரையில் மண் ஏறியிருந்தால் முதலில் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரை தேயும். வாரம் ஒருமுறை இப்படி மாற்ற வேண்டிய வாழ்க்கை உங்களுடையது என்றால் கையால் திருகும் ஹைட்ராலிக் ப்ரீலோட் உள்ளதைத் தேடுங்கள், காசு கூடும். நான் ஜோடி அளவிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டேன், தனியாகப் போகும்போது கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

அசைவு அதே 88-ஐ ஒட்டித்தான் என்பதையும் மறக்காதீர்கள். பெரிய குழியில் வேகமாக இறங்கினால் எந்த ஊர் ஷாக்கும் காப்பாற்றாது. பின்பக்கம் சரியானதும் முன் ஃபோர்க் மிருதுவாகத் தெரிய ஆரம்பிக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது திடீரென்று கண்ணில் படும். புது ஷாக்கின் கோளாறு அல்ல அது, முன்பே இருந்ததுதான். ஃபோர்க் ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்ற ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வைப்பது நல்லது.

வாரன்டி முடியாத வண்டி என்றால் மாட்டுவதற்கு முன் உங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஜோடியைத் துடைத்து, துணி சுற்றிப் பரணில் போடுங்கள், யார் கேட்டாலும் விற்காதீர்கள். புது ஷாக் சர்வீஸுக்குப் போகும் வாரங்களில் வண்டி ஓட அதுதான் வேண்டும்.